வகுப்பில் வாய் திறக்காத மாணவர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வகுப்பில் பேசாத பிள்ளைக்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் ஒன்றுதான்: பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பது. காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் அதுதான், விடை தெரிந்தும் குரல் எழாத பிள்ளைக்கும் அதுதான், கேள்வியே பிடிபடாத பிள்ளைக்கும் அதுதான். மூவரும் எழுந்து தலை குனிந்து நிற்பார்கள். வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எந்த மௌனம் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

உங்கள் வகுப்பில் காண்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் ஆசிரியர் இன்றைக்கே மாற்றக்கூடியது முதலில் வரும், நாளும் உழைப்பும் கேட்பது அடுத்து, மருத்துவரோ ஆலோசகரோ தேவைப்படுவது கடைசியில். இரண்டு இடங்களில் மட்டும் இந்த வரிசை செல்லாது: பேசிக்கொண்டிருந்து திடீரென்று நின்றுபோன பிள்ளை, சில விநாடி உறைந்துபோகும் பிள்ளை. அந்த இரண்டிலும் காத்திருக்கக் கூடாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒரு தாளில் இருக்கை வரைபடம் போடுங்கள். தொடர்ந்து மூன்று வகுப்புகளுக்கு அதில் குறியிடுங்கள். தானாகப் பேசினால் ஒரு கோடு. பெயர் சொல்லிக் கேட்டபின் பேசினால் வட்டம். கேட்டும் பேசவில்லை என்றால் பெருக்கல் குறி. பக்கத்தில் இருப்பவரிடம் பாடத்தைப் பற்றிப் பேசினால் புள்ளி. பாடம் நடத்திக்கொண்டே குறிப்பது சிரமமாக இருந்தால், உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரைப் பின்னால் உட்கார்ந்து குறிக்கச் சொல்லுங்கள்.

நினைவை நம்பி இதைச் செய்ய முடியாது. ஓயாமல் பேசும் ஐந்து பேர் மனத்தில் நிற்பார்கள். சுட்டித்தனம் செய்கிறவர்களும் நிற்பார்கள். ஒரு குறியும் விழாமல் மூன்று வகுப்பைக் கடந்துபோகும் பிள்ளைகள் தாளில்தான் அகப்படுவார்கள். அவர்களில் நீங்கள் எதிர்பார்க்காத பெயர் ஒன்றிரண்டு இருக்கும்.

பிறகு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். படிகள் நான்கு: எழுதுவது, ஒரே ஒருவரிடம் சொல்வது, மூன்று நான்கு பேர் கொண்ட குழுவில் சொல்வது, முழு வகுப்பின் முன் சொல்வது. ஒருவர் தன் இணையிடம், அதாவது பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், பேசுகிறார், குழுவில் நின்றுவிடுகிறார் என்றால் உங்கள் வேலை குழுவில்தான் தொடங்குகிறது. முழு வகுப்பின் முன் நிறுத்தி அவரைப் பேசவைக்கப் பார்த்தால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த இணைப்பேச்சும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். எந்தப் படியில் நிற்கிறாரோ அதற்கு அடுத்த படி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அறிகுறி: கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் அமைதி

இதில் கோளாறு பெரும்பாலும் கேட்கும் விதத்தில் இருக்கும், பிள்ளைகளிடம் இருக்காது. நல்ல செய்திதான், நாளைக்கே மாற்றிவிடலாம்.

1. காத்திருக்கும் நேரம் போதவில்லை.

சோதனை: கைப்பேசியை மேசைமேல் வைத்து உங்கள் வகுப்பில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், நீங்களோ வேறு யாரோ அடுத்துப் பேசும்வரை எத்தனை விநாடி என்று எழுதுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் விடைகள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, அதுவரை பேசாதவர்களும் வாய் திறந்தார்கள்.

சரிசெய்ய: கேள்வி கேட்டபின் மனத்துக்குள் நிதானமாக ஐந்து எண்ணுங்கள். காரணம் கேட்கும் கேள்வி என்றால் பத்து. ஒருவர் விடை சொல்லி முடித்த பிறகும் மூன்று எண்ணுங்கள். இந்த இரண்டாவது இடைவெளியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தயங்கிப் பேசும் பிள்ளை முதல் வாக்கியத்துக்குப் பிறகுதான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்லும். நீங்கள் அதற்குள் ‘ம், சரி’ என்றுவிட்டால் அந்த இரண்டாவது வாக்கியம் வராது.

எங்கே தவறும்: மௌனம் தாங்காமல் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்போம். யோசித்துக்கொண்டிருந்தவர் யோசனையை விட்டுவிட்டுப் புதுக் கேள்வியைக் கேட்கத் தொடங்குவார். எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்கும் வகுப்புக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ‘ஐந்து விநாடி யாரும் பேச வேண்டாம், யோசியுங்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சங்கடம் பாதியாகும்.

2. கேள்வியின் அளவு சரியில்லை.

‘புரிந்ததா?’ என்பதற்குத் தலையாட்டல்தான் விடை. ஒற்றைச் சொல் விடையுள்ள கேள்வியில் முதலில் சொன்னவர் கதவைச் சாத்திவிடுகிறார், மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்பதோ பிடி கிடைக்காத கேள்வி. துணிந்தவர்கள் மட்டும் எதையாவது சொல்வார்கள்.

நடுவில் ஒரு வடிவம் இருக்கிறது: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு, ஒரு காரணம் சொல். ‘விளிம்புவரை நீர் நிறைந்த குவளையில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது. அது உருகினால் நீர் வழியுமா, வழியாதா?’ முதலில் எல்லாரும் தாளில் பக்கம் எடுக்கட்டும். பிறகு கை தூக்கி எண்ணிக்கை. அதன்பிறகே காரணங்கள். கை தூக்கிப் பக்கம் எடுப்பதே கூச்சமுள்ள பிள்ளைக்கு அன்றைய முதல் பங்களிப்பு. அதற்குக் குரல் தேவையில்லை. வழியாது என்பது சரியான விடை. அதை உடனே சொல்லிவிடாதீர்கள், இரு பக்கமும் காரணம் வந்து சேரட்டும்.

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறீர்களா என்பதையும் ஒலிப்பதிவில் பாருங்கள். ‘இது ஏன் நடந்தது, நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்றால் எதற்கு விடை சொல்வது என்று தெரியாமலே பலர் ஒதுங்குவார்கள்.

3. விடை சொன்னவருக்கு என்ன நேர்கிறது?

சொன்ன ஒவ்வொன்றுக்கும் ‘சரி’, ‘தவறு’ என்று முத்திரை விழுந்தால் உரையாடல் அங்கேயே முடிகிறது. ‘இதையே வேறு விதமாகப் பார்த்தவர்கள் உண்டா?’, ‘இதனுடன் எதைச் சேர்ப்பீர்கள்?’ என்று பந்தை வகுப்புக்கே திருப்புங்கள். மாணவர் சொன்னதை நீங்கள் உரக்கத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்கத் தேவையில்லை என்பதைத்தான் அது கற்பிக்கிறது.

தவறான விடைக்கு யாராவது சிரித்தால் அப்போதே, அமைதியாக, ஒரே வாக்கியத்தில் நிறுத்துங்கள்: ‘இங்கே விடையைப் பற்றிப் பேசுவோம், ஆளைப் பற்றி இல்லை.’ நீண்ட அறிவுரை வேண்டாம். சிரிக்கப்பட்டவரை அது இன்னும் நேரம் நடுவில் நிறுத்திவைக்கும்.

மூன்றையும் மூன்று வாரம் விடாமல் செய்தும் வகுப்பு அசையவில்லை என்றால், மற்ற ஆசிரியர்களிடமும் இதே வகுப்பு இப்படித்தானா என்று விசாரியுங்கள். உங்களிடம் மட்டும் என்றால் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் ஒரே கேள்வி: ‘இந்த வகுப்பில் பேசுவதற்கு எது தடையாக இருக்கிறது?’ வரும் பதில் கசப்பாக இருந்தாலும் வகுப்பில் யாரையும் குறிவைத்து அதைப் பேசாதீர்கள்.

அறிகுறி: எப்போதும் அதே நாலைந்து கைகள்

இடம்தான் முதல் சந்தேகம். முன்வரிசையும் நடுப்பகுதியும் ஆசிரியரின் பார்வைக்குள் இயல்பாக விழும். ஓரங்களும் கடைசி வரிசையும் விழாது. வரைபடத்தில் கோடுகள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். மாணவரை நகர்த்தும் முன் நீங்கள் நகருங்கள்: பாதி வகுப்பைப் பக்கச் சுவரோரம் நின்று நடத்தினாலே பார்வை மாறும். கூச்சமுள்ள பிள்ளையை முதல் வரிசை நடுவில் உட்காரவைப்பது பலரும் செய்யும் தவறு. முதுகுக்குப் பின்னால் நாற்பது கண்கள் இருப்பது போன்ற உணர்வு குரலை இன்னும் அடைக்கும். இரண்டாவது வரிசையின் ஓரம், பழகிய ஒருவர் பக்கத்தில் என்று அமைப்பது நல்லது.

அடுத்தது வேகம். கை தூக்கும் முறையே வேகமானவர்களுக்குச் சாதகம். அதற்கு மாற்றாக 1981இல் ஃபிராங்க் லைமன் அறிமுகப்படுத்திய ‘யோசி, இணையுடன் பேசு, பகிர்’ முறை இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அவசரமாகச் செய்தால் பலன் தராது. நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்: ஒரு நிமிடம் தனியாக எழுத, இரண்டு நிமிடம் இணையுடன் பேச. இணைப்பேச்சில் பாதி நேரம் ஆனதும் ‘இப்போது மற்றவர் பேசட்டும்’ என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேச்சாளி இரண்டு நிமிடத்தையும் எடுத்துக்கொள்வார். பகிரும்போது ‘உன் இணை சொன்னது என்ன?’ என்று கேளுங்கள். இன்னொருவர் கருத்தைச் சொல்லும்போது தவறாகிவிடுமோ என்ற பயம் குறைகிறது. பல பிள்ளைகள் முழு வகுப்பின் முன் சொல்லும் முதல் வாக்கியம் இப்படித்தான் வருகிறது.

பெயர்ச் சீட்டு எடுத்துக் கேட்பதாக இருந்தால் வரிசை முக்கியம்: கேள்வி, யோசிக்க நேரம், இணைப்பேச்சு, அதன்பிறகே சீட்டு. சீட்டை முதலில் எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற எல்லாரும் நிம்மதியாக யோசனையை நிறுத்திவிடுவார்கள். பெயர் வந்தவருக்கு வயிறு கலங்கும். ஒருமுறை ‘அப்புறம்’ என்று தள்ளிப்போட எல்லாருக்கும் உரிமை கொடுங்கள். ஆனால் அதே வகுப்பில் திரும்பி வாருங்கள். வராவிட்டால் ‘அப்புறம்’ என்பது தப்பும் வழியாகிவிடும்.

பேச்சு வில்லைகள் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆளுக்கு மூன்று வில்லை கொடுத்து, ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லும் விளையாட்டு இது. முழு வகுப்பில் இதைச் செய்தால் வேகமானவர்கள் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள்; கடைசியில் மூன்று வில்லையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான்கு பேர் குழுவில், ஆளுக்கு இரண்டு மட்டும் என்றால் செய்யலாம். ‘இவர் சொன்னதை ஏற்கிறேன், ஏனென்றால்’ என்று தொடங்குவதும் ஒரு வில்லைக்குச் சமம் என்று அறிவியுங்கள்.

அதிகம் பேசுகிறவரை வகுப்பின் முன் அடக்காதீர்கள். பேசினால் அடி விழும் என்பதைத்தான் அமைதியான பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தனியாக அழைத்து வேறு வேலை கொடுங்கள்: ‘இன்னைக்கு நீ மூணு பேர் சொன்னதைக் கேட்டு, கடைசியில ஒரே வாக்கியமா சேர்த்துச் சொல்லணும். முடியுமா?’

அறிகுறி: தாளில் அருமையாக எழுதுகிறார், வாயைத் திறப்பதில்லை

அதிகப் பயன் கிடைக்கும் இடம் இதுதான். சரக்கு இருக்கிறது, படியும் தெரிகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

எளிய காரணம்: அவருக்கு ஒத்திகை நேரம் வேண்டும். முதல் நாளே தனியாகச் சொல்லுங்கள்: ‘நீ எழுதினதுல ரெண்டாவது வரி எனக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு இந்த இடம் வரும்போது அதை அப்படியே பார்த்து வாசிக்கிறியா?’ வாசிப்பது என்றுதான் கேட்க வேண்டும்; ‘பேசு’ என்று கேட்காதீர்கள். ஒப்புக்கொண்டால் எப்போது கேட்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்று துல்லியமாகச் சொல்லுங்கள், மறுநாள் அதே வார்த்தையில் கேளுங்கள். மறுத்தால் ‘நான் வாசிக்கட்டுமா, உன் பேர் சொல்லலாமா?’ என்று கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல் வாசியுங்கள். தன் சொற்கள் வகுப்பில் மதிப்போடு கேட்கப்படுவதை அவர் பார்க்கட்டும்.

படியேற்றத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம்:

முதல் வாரம்: எழுதியதை இணையிடம் வாசிப்பது, தினமும் ஒருமுறை.
இரண்டாவது வாரம்: அதே இணை இருக்கும் நால்வர் குழுவில் வாசிப்பது, இரண்டு நாளுக்கு ஒருமுறை.
மூன்றாவது வாரம்: முன்கூட்டிச் சொல்லிவைத்த ஒரு வாக்கியத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு வகுப்புக்கு வாசிப்பது, வாரத்தில் ஒருமுறை.
நான்காவது வாரம்: தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு அதே அளவு சொல்வது.

ஒரு வாரத்தில் முடியாத படியை மறுவாரமும் தொடருங்கள். எழுந்து நிற்கும் வழக்கத்தை இந்த ஒரு மாதம் முழு வகுப்புக்கும் தளர்த்திவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால் அதுவே அடையாளமாகிவிடும்.

பாராட்டில் கவனம் தேவை. ‘பாருங்கள், இன்று யார் பேசியிருக்கிறார்கள்!’ என்று கைதட்ட வைத்தால் அடுத்த முறை பேசும் செலவு கூடிவிடும். சொன்ன விஷயத்தைப் பாராட்டுங்கள், பேசியதை வேண்டாம். அவர் கருத்தைப் பத்து நிமிடம் கழித்து ‘முன்பு சொன்ன அந்தக் காரணம் இங்கே பொருந்துகிறது’ என்று பயன்படுத்துவதே போதும்.

பேசிய எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும் முறை இருந்தால் அதையும் பாருங்கள். அது ஏற்கெனவே பேசுகிறவர்களை அதிகம் பேசவைக்கும். பேசாதவருக்கு இன்னொரு தோல்வியைச் சேர்க்கும். மதிப்பெண் தவிர்க்க முடியாதது என்றால், வகுப்புக்கு முன் எழுதித் தரும் கேள்வி, பிறர் கருத்துக்கு எழுத்தில் மறுமொழி, குழுவில் சொன்னது ஆகியவையும் அதில் அடங்கட்டும்.

அடுத்த காரணம் திக்குவாய். திக்குகிற பிள்ளை சொற்களைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளும். திக்கும் என்று தெரிந்த சொல் வரும் இடத்தில் ‘தெரியாது’ என்று முடித்துவிடும். பெயரைச் சொல்லச் சொன்னால் மட்டும் தடுமாறுகிறாரா, பலர் சேர்ந்து வாசிக்கும்போது தடையில்லாமல் வருகிறதா என்று கவனியுங்கள். சேர்ந்து வாசிக்கையில் திக்கு வெகுவாகக் குறைவது வழக்கம். அவருக்காக வாக்கியத்தை முடிக்காதீர்கள். ‘மெதுவாச் சொல்லு’, ‘மூச்சு விட்டுட்டுச் சொல்லு’ என்ற அறிவுரைகளும் வேண்டாம். முகத்தைப் பார்த்து, அவர் முடிக்கும்வரை இருங்கள். எப்படிக் கேட்டால் வசதி என்று தனியாக அவரிடமே கேளுங்கள். திக்கு இருப்பது தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லிப் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள்; தானாகப் போய்விடும் என்று ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம்.

எழுதுகிறார், பேசுவதில்லை என்ற இந்த அறிகுறிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நன்றாக எழுதுகிறார், இணையுடன் தாராளமாகப் பேசுகிறார், சந்தேகம் வந்தால் தனியாக வந்து கேட்கிறார், முகத்தில் கலக்கம் இல்லை என்றால் அவர் இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவர். அவரைப் பேச்சாளராக மாற்றும் வேலை ஆசிரியருக்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை முழு வகுப்புக்கு முன் ஒரு கருத்து என்பது அவருக்குப் போதுமான இலக்கு.

அறிகுறி: பேசுகிறார், யாருக்கும் கேட்பதில்லை

‘சத்தமாப் பேசு’ என்று சொல்வதால் குரல் உயராது, பேச்சுதான் நிற்கும். மெல்லிய குரல் வந்ததும் நாம் இயல்பாகவே அந்தப் பிள்ளையை நோக்கி நடப்போம். உடனே பேச்சு இரண்டு பேருக்குள் சுருங்கிவிடும். எதிர்த்திசையில் நடங்கள். அறையின் மறுகோடியில் நின்று காதுகொடுத்தால் குரல் உங்களை எட்ட முயலும், நடுவில் இருப்பவர்களுக்கும் கேட்கும். மின்விசிறி, சன்னல் இரைச்சல், பக்கத்து வகுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். கதவைச் சாத்தினால் தீரும் பிரச்சினை சில. குரல் கரகரப்பாக நான்கு வாரத்துக்கு மேல் இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எதைக் கேட்டாலும் ‘தெரியாது’

‘தெரியாது’ என்பதற்குள் மூன்று விஷயம் இருக்கலாம்: கேள்வி புரியவில்லை, விடை தெரியவில்லை, சொல்ல விருப்பமில்லை. பிரிக்கும் முறை இது.

முதலில், ‘நான் என்ன கேட்டேன்னு உன் வார்த்தையில சொல்லு.’ சொல்ல முடியாவிட்டால் கோளாறு கேள்வியில், எளிமையாக்குங்கள். சொன்னால், இரண்டு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்தால் பாதி தெரிகிறது. காரணத்தை இணையுடன் சேர்ந்து யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். அப்போதும் ‘தெரியாது’ என்றால், ‘எது வரைக்கும் தெரியும்?’ என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கும் அதே விடை என்றால் வேறு இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, ‘இவங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது உனக்குச் சரின்னு படுது?’ என்று முடியுங்கள். மொத்தம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது விசாரணையாகிவிடும்.

பாடம் பாடமாக அடிப்படையே பிடிபடாமல் ‘தெரியாது’ வருகிறது, எழுத்திலும் அதே நிலை என்றால், இது பேச்சுப் பிரச்சினை இல்லை. வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தனியே சோதியுங்கள். வயதுக்குரிய பத்தி ஒன்றை வாசிக்க வெகுவாகத் திணறினால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு அனுப்புவது அடுத்த படி.

அறிகுறி: குழு வேலையில் ஒருவர் பேச, இவர் எப்போதும் எழுத்தர்

குழுவில் ஐந்தாறு பேர் இருந்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். மூன்று, அதிகம் போனால் நான்கு. அமைதியான பிள்ளைக்குக் குறிப்பெடுக்கும் வேலை கொடுப்பது கருணைபோலத் தோன்றும், ஆனால் அது மௌனத்துக்குப் பதவி கொடுப்பது. கேள்வி கேட்பவர், எழுதுபவர், தொகுத்துச் சொல்பவர் என்ற பொறுப்புகளை ஒவ்வொரு முறையும் இடவரிசைப்படி சுழற்றுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், தகவலையே பங்கு பிரியுங்கள். எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய முறை இது. பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி மட்டும் கொடுங்கள். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் முதலில் ஒன்றுகூடிப் பத்து நிமிடம் தயார் செய்யட்டும். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லட்டும். இவரிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லை என்பதால் குழுவே காதுகொடுக்கும். அந்தத் தயாரிப்புக் கூட்டத்தைச் சுருக்கினால் முறை முழுக்கக் கெட்டுவிடும்: தயாராகாத பிள்ளை திணறும், குழு எரிச்சலடையும்.

அறிகுறி: கூப்பிட்டால் திரும்புவதில்லை, சம்பந்தமில்லாத விடை, ‘என்ன?’ என்ற கேள்வி

காதைச் சந்தேகியுங்கள். சாதாரணக் குரலில், முகம் தெரியாதபடி, பின்னாலிருந்து பெயர் சொல்லுங்கள். அமைதியான நேரத்தில் ஒருமுறை, வகுப்பு இரைச்சலில் ஒருமுறை, இடப்பக்கமும் வலப்பக்கமும். பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்க்கிறாரா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்த பிறகே புத்தகம் திறக்கிறாரா என்றும் கவனியுங்கள். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் கூடியும் குறைந்தும் வரும். ஆகவே போன ஆண்டுப் பரிசோதனையில் தேறினார் என்பது இன்றைக்குச் சான்று ஆகாது. இரண்டு முறை சந்தேகம் வந்தாலே செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை அவருக்கு முகம் காட்டிப் பேசுங்கள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள்.

வேறொன்றும் இதுபோலவே தெரியும். பேச்சின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்த்து உறைந்துபோவார். தோளைத் தொட்டாலும் உணரமாட்டார். உடனே ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வார். பகற்கனவு என்றால் தொட்டதும் கலையும். தொட்டும் கலையாவிட்டால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். நேரத்தைக் குறித்துவைத்து அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது இது.

அறிகுறி: வகுப்பு மொழி வீட்டு மொழி இல்லை

புது மொழியில் படிக்கத் தொடங்கிய பிள்ளை மாதக்கணக்கில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. தலையாட்டல், சுட்டிக்காட்டல், படம், ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். கலந்துரையாடலுக்கு வாக்கியத் தொடக்கங்களைப் பலகையில் எழுதிவையுங்கள்: ‘நான் ஏற்கிறேன், ஏனென்றால்…’, ‘எனக்குப் புரியாதது…’. இணைப்பேச்சு அவர் மொழியில் நடக்கட்டும். பகிர்வு மட்டும் வகுப்பு மொழியில். கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு: வீட்டு மொழி பேசும் பிள்ளைகளிடமும் பள்ளிக்குள் பேசாமல் இருந்தால், காரணம் மொழி மட்டும் இல்லை. ‘வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல்கூட இல்லை’ என்ற தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி: முன்பு பேசியவர் திடீரென்று நின்றுவிட்டார்

இங்கே படியேற்றம், பெயர்ச் சீட்டு எதுவும் வேண்டாம். எந்த வாரத்திலிருந்து என்று உங்கள் குறிப்பிலும் மற்ற ஆசிரியர்களிடமும் பார்த்து உறுதிசெய்யுங்கள். அந்த வாரத்தில் இடம் மாறியதா, நண்பர் விலகினாரா, யாராவது அவர் குரலையோ உச்சரிப்பையோ கேலி செய்தார்களா? உணவு, வருகை, கையெழுத்து, நட்பு இவற்றில் எதுவும் கூடவே மாறியிருக்கிறதா?

தனியாக, ஆனால் மற்றவர் பார்வை படும் இடத்தில் பேசுங்கள். ‘ஏன் பேசமாட்டேங்கிற?’ என்று கேட்காதீர்கள். ‘ரெண்டு வாரமா நீ அமைதியா இருக்கிறதைப் பார்க்கிறேன். ஏதாவது கஷ்டமா இருந்தா என்கிட்டயோ உனக்குப் பிடிச்ச வேற டீச்சர்கிட்டயோ சொல்லலாம்’ என்று சொல்லி நிறுத்துங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து தெரிந்தால் உதவக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடம், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தப்படும் அறிகுறி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பள்ளித் தலைமைக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் தெரிவியுங்கள். நீங்களே துருவி விசாரிக்கத் தொடங்க வேண்டாம். பிள்ளை சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். இவை இல்லாமல் சோர்வும் ஒதுங்கலும் இரண்டு வாரம் நீடித்தால் ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி: வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல்கூட இல்லை

பெற்றோரிடம் கேளுங்கள்: வீட்டில் சரளமாகப் பேசுகிறாரா, கைப்பேசிக் காணொளி ஏதாவது இருக்கிறதா? பள்ளியில் கழிப்பறைக்குப் போகவும் வாய் திறக்காமல் இருக்கிறாரா? விளையாட்டு மைதானத்திலும் மௌனமா? ஆம் என்றால், புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். அதன்பிறகும் ஒரு மாதம் இப்படியே தொடர்ந்தால் செலக்டிவ் மியூட்டிசம் என்ற நிலையாக இருக்கலாம். மருத்துவத்தில் இது பதற்றக் கோளாறுகளில் ஒன்று. பிடிவாதமோ திமிரோ இல்லை. பிள்ளை பேச மறுக்கவில்லை, அந்த இடத்தில் பேச முடியவில்லை.

நிபுணரைப் பார்க்கும்வரை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பேசச் சொல்லிக் கேட்காதீர்கள், பரிசு காட்டி ஆசைகாட்டாதீர்கள், ‘பேசினால்தான் தருவேன்’ என்று எதையும் நிறுத்திவைக்காதீர்கள். முகத்துக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பற்றி நீங்கள் பேசுங்கள்; விடை எதிர்பார்க்காத பேச்சாக இருக்கட்டும். தேவையைச் சொல்ல அட்டையோ சைகையோ கொடுங்கள். ஒருநாள் ஒரு சொல் வந்தால் வியப்புக் காட்டாமல் சாதாரணமாகப் பதில் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் ‘அவ பேசமாட்டா டீச்சர்’ என்று முந்திக்கொண்டால், ‘பேசத் தோணும்போது பேசுவா’ என்று கடந்துவிடுங்கள்.

இந்த நிலைக்கு வகுப்பறை உத்திகள் மட்டும் போதாது. குழந்தை உளவியலாளரும் பேச்சு சிகிச்சையாளரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டுக் கடைசிவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று தள்ளினால் பேசாத பிள்ளை என்ற பெயர் நிலைத்து, வெளியே வருவது இன்னும் கடினமாகும்.

நிபுணரிடம் அனுப்பும்போது கொடுக்க வேண்டியவை

‘வகுப்பில் பேசுவதில்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் அவர்களுக்குப் பயனில்லை. குறியிட்ட இருக்கை வரைபடங்களின் நகல், எந்தப் படியில் பேச்சு நிற்கிறது, யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில் பேசுகிறார், எப்போது தொடங்கியது, என்னென்ன எத்தனை வாரம் செய்து பார்த்தீர்கள், எது கொஞ்சமாவது பலித்தது, பின்னாலிருந்து கூப்பிட்ட சோதனையில் என்ன ஆயிற்று, எழுத்து வேலையின் இரண்டு மாதிரிகள்: இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் தாங்கள் பார்ப்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிபுணர் திருப்பி அனுப்பும் குறிப்பு அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒருவர் காத்திருக்க, இன்னொருவர் எழுப்பி நிறுத்தினால் மாதக்கணக்கான வேலை ஒரு வகுப்பில் கெடும்.